கடல் கடந்த கல்வியும் சர்க்கார் பணமும்

தேர்வு முடிவுகள் வெளிவரும் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரே பேச்சு எழுகின்றது. "பிள்ளையை மேனாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கவேண்டும், பணத்துக்கு என்ன வழி?" என்பதே அப்பேச்சு. பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்து, வாடகையும் பள்ளிச் சம்பளமும் செலுத்தி, ஊரிலிருக்கும் தாய் தந்தையர்க்கும் மாதந்தோறும் பணம் அனுப்பும் குடும்பத் தலைவர் பலர், கடைசியில் அரும்பாடுபட்டு வாங்கிய சிறு வீட்டையோ, ஊரிலுள்ள காணி நிலத்தையோ வங்கியில் ஈடு வைக்கின்றனர். ஈடு வைத்த பிறகுதான், "இந்தப் படிப்புக்கு அந்த நாட்டுச் சர்க்காரே உபகாரச் சம்பளம் கொடுக்கிறதே, நீங்கள் எழுதிப் போடவில்லையா?" என்று யாரோ ஒருவர் கேட்கின்றார். அப்போது விண்ணப்பத் தேதி கடந்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.

ஆதலின் இம்மாதம் இப்பகுதியில், அயல்நாட்டில் கற்பதற்குச் சர்க்கார்கள் அளிக்கும் உபகாரச் சம்பளங்களைப் பற்றி அன்பர்களோடு கலந்து பேச விரும்புகின்றோம். இன்று இதனைக் கல்வி உதவித்தொகை என்று வழங்குகின்றனர். பெயர் எதுவாயினும், இதனைக் குறித்து நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. இது மேதைகளுக்கோ, செல்வாக்குள்ளவர்களுக்கோ மட்டுமே கிட்டும் என்பது ஒன்று. இது வெறும் இனாம், கிடைத்தால் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தால் தகுதியுள்ள பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை. இரண்டாவது எண்ணத்தால், விண்ணப்பிப்பவர்களும் நிபந்தனைகளைப் படிக்காமல் ஏமாறுகின்றனர். உண்மையில் உபகாரச் சம்பளம் என்பது ஓர் ஒப்பந்தம். கொடுப்பவருக்கு அதில் ஒரு நோக்கம் உண்டு. அந்நோக்கத்தை அறிந்து, அதற்கேற்பத் தம்மை ஆயத்தம் செய்துகொள்கிறவர்க்கே அது கைகூடும்.

நம்மவர் சென்ற வழி

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச ராமானுஜன், 1914-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய கதை யாவரும் அறிந்ததே. அவருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னைச் சர்வகலாசாலை, மாகாணச் சர்க்காரின் இசைவைப் பெற்று, ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் அவருக்கு உபகாரச் சம்பளம் வழங்கிற்று. அதில் 50 பவுண்டு இங்குள்ள அவர் குடும்பத்தின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. படிக்கப் போகிறவன் பின்னால் ஒரு குடும்பம் பசித்திருக்கலாகாது என்பதை அன்றே சிந்தித்திருக்கின்றனர். இத்தொகை தானாக வந்துவிடவில்லை. துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கரும் அவருக்காகப் பரிந்து எழுதினர். திறமை ஒருபுறம் இருக்க, அத்திறமைக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இன்றும் அந்நிலை மாறவில்லை.

நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்கள் நினைவில் கொள்ளவேண்டிய மற்றொருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் ரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியமையால் அவர் 1910-இல் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்றபின், 1930-இல் இந்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம் பெற்று, பம்பாயிலிருந்து கப்பலில் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. அக்கப்பல் பயணத்திலேயே, விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய கணக்கைத் தொடங்கினார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் புறப்பட்டபோது அன்னையார் நோயுற்றிருந்தார். ஆயினும் மகன் போகவேண்டும் என்பதில் அவ்வம்மையார் உறுதியாக நின்றார். மறு ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானபோது மகன் கடலுக்கு அப்பால் இருந்தார். உபகாரச் சம்பளம் கல்விக் கட்டணத்தையும் உணவையும் ஏற்கும். இத்தகைய இழப்பை எந்தச் சர்க்காரும் ஏற்க இயலாது. பிள்ளையை அனுப்பும் வீடுகள் இதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

மூன்றாவதாக, அண்ணல் அம்பேத்கரைக் கூறாமல் இருக்க முடியாது. 1913-இல் பரோடா சமஸ்தானம் அளித்த உபகாரச் சம்பளத்தில் அவர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாச் சர்வகலாசாலைக்குச் சென்றார். திரும்பி வந்து சமஸ்தானத்தில் பணிபுரியவேண்டும் என்பது உடன்படிக்கை. அவர் 1916-இல் லண்டனுக்குச் சென்று மேலும் கற்கத் தொடங்கினார். 1917-இல் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தது. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. உடன்படிக்கையின்படி பரோடாவில் பணி ஏற்றார். அந்நகரில் சாதியின் காரணமாகத் தங்க ஓர் இடம் கிடைக்காமல் வெளியேறினார். பின்னர்ப் பம்பாயில் பேராசிரியராக இருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜரின் உதவியோடும், நண்பரிடம் பெற்ற கடனோடும் 1920-இல் மீண்டும் லண்டன் சென்று, 1923-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் தெளிவானது. சர்க்கார் பணம் நாட்காட்டியைப் பார்த்து நடக்கும். நமது ஆராய்ச்சி முடிந்ததா என்று அது காத்திராது. ஆகவே, எத்தனை மாதத்துக்குப் பணம், அது நின்றபின் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளையும் பயணத்துக்கு முன்னரே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஏன் கொடுக்கிறார்கள்?

ஒரு நாட்டின் குடிமக்கள் செலுத்தும் வரிப்பணத்தை வேற்று நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் அளிக்கின்றனர் என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வழக்கம் பெருகிற்று. போர் முடிந்தபின் பல நாடுகளில் தேங்கிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு மாணவர் பரிமாற்றத்தை நடத்தலாம் என்று செனட்டர் புல்பிரைட் யோசனை கூறினார். 1946-இல் அது சட்டமாயிற்று. இந்தியாவோடு 1950 பிப்ரவரியில் உடன்படிக்கை கையெழுத்தானது. 2008-இல் நம் சர்க்காரும் செலவைச் சமமாக ஏற்க ஒப்பியது. அதன்பின் அத்திட்டம் புல்பிரைட்–நேரு என வழங்கலாயிற்று. அதாவது, அப்பணத்தில் நம் வரிப்பணமும் கலந்திருக்கின்றது.

ஜப்பானிய சர்க்கார் 1954-இல் தன் திட்டத்தைத் தொடங்கிற்று. 1959-இல் ஆக்ஸ்போர்டில் கூடிய காமன்வெல்த் கல்வி மகாநாட்டின் தீர்மானப்படி 1960-இல் காமன்வெல்த் உபகாரச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் செவனிங் திட்டம் 1983-இல் வேறொரு பெயரில் பிறந்தது. ஜெர்மனியில் 1925-இல் ஹைடல்பர்க் நகரில் தோன்றி, 1945-இல் மறைந்து, 1950-இல் பான் நகரில் மீண்டும் நிறுவப்பட்ட டாட் என்னும் கல்விப் பரிமாற்ற நிறுவனம் அந்நாட்டுச் சர்க்காரின் பணத்தைப் பெற்று வழங்குகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டம் 2004-இல் வந்தது.

இவை யாவும் நட்பை விதைக்கும் செலவுகள். இன்று தன் நாட்டில் படித்தவன் நாளை தன் தாயகத்தில் அதிகாரியாகவோ, ஆசிரியனாகவோ, பொறியாளனாகவோ அமர்ந்து தன்னை நினைப்பான் என்பது கொடுக்கும் நாட்டின் கணக்கு. இதில் குறைகூற ஏதுமில்லை. நம் நாடும் அதையே செய்கின்றது. 1950-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கலாசார உறவுக் கழகம், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவர்களை வரவழைத்து நம் செலவில் கற்பிக்கின்றது. ஆகவே நம் பிள்ளை கைநீட்டிப் பிச்சை கேட்கவில்லை. நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலில் ஒரு பங்கைக் கேட்கின்றான் என்ற தெளிவு வேண்டும். தாழ்வு மனப்பான்மைக்கு இங்கே இடமில்லை.

கொடுப்பவரின் நோக்கம் விளங்கிவிட்டால் நிபந்தனைகளும் விளங்கிவிடும். செவனிங் திட்டம் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கானது. விண்ணப்பதாரர் இரண்டாண்டு வேலை பார்த்த அனுபவம் உடையவராக இருக்கவேண்டும். படித்து முடித்தபின் தாயகம் திரும்பி இரண்டாண்டாவது இருக்கவேண்டும். புல்பிரைட்–நேரு முதுகலைத் திட்டம் மூன்றாண்டு வேலை அனுபவம் கேட்கின்றது. அதன் கீழ் அமெரிக்கா சென்றவர்கள், இரண்டாண்டு தாயகத்தில் வாழ்ந்த பின்னரே அங்கே நிரந்தரமாகக் குடியேறும் உரிமையைக் கோர முடியும். காமன்வெல்த் திட்டத்திலும் திரும்பி வருவதாக உறுதிமொழி தரவேண்டும். டாட் நிறுவனத்தின் வளர்ச்சித் துறைப் படிப்புகளுக்கு இரண்டாண்டு அனுபவம் தேவை. எராஸ்மஸ் முண்டஸ் திட்டம் இவற்றினின்று சற்று வேறானது: குறைந்தது இரண்டு நாடுகளில் மாறி மாறிப் படிக்கவேண்டும், விண்ணப்பத்தை நேரே அப்படிப்பை நடத்தும் சர்வகலாசாலைகளின் குழுவுக்கு அனுப்பவேண்டும். தேர்வு பெற்றவர்க்கு மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதம் வரை கிடைக்கும். இதில் இந்திய மாணவர்கள் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்பது மகிழ்ச்சி தருகின்றது.

இந்த விவரங்களிலிருந்து பெற்றோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. பெரும்பாலான சர்க்கார் உபகாரச் சம்பளங்கள் பட்டம் பெற்றவர்க்கும், சில ஆண்டு வேலை பார்த்தவர்க்குமே உரியவை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பிள்ளையை அனுப்பக் கடன் வாங்குவோர் சற்றே பொறுத்தால், அதே பிள்ளை 24 வயதில் கடனின்றிப் போகும் வாய்ப்புண்டு. பள்ளி முடித்தவுடன் செல்ல விரும்புவோர்க்கும் சில வழிகள் இருக்கின்றன. ஜப்பானிய சர்க்காரின் திட்டம், ஓராண்டு மொழிப் பயிற்சியோடு சேர்த்து இளங்கலைப் படிப்பையும் ஏற்கின்றது. தூதரகம் நடத்தும் எழுத்துத் தேர்வில் வெல்லவேண்டும். ஹங்கேரி சர்க்காரின் திட்டத்திலும் இளங்கலைக்கு இடமுண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான சர்க்கார் சர்வகலாசாலைகளில் கல்விக் கட்டணமே இல்லை என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும்; ஆயினும் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பணம் காட்டவேண்டும்.

நம் சர்க்காரின் திட்டம்

நம் மத்திய சர்க்காரே 1954-55-ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டத்தை நடத்திவருகின்றது என்பது நம்மவருள் பலருக்குத் தெரியாது. தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் என்பது அதன் பெயர். சமூக நீதி அமைச்சகம் நடத்துவது. தாழ்த்தப்பட்ட வகுப்பினர், சீர்மரபினர் மற்றும் நாடோடி இனத்தவர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு முதுகலைக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் இது உரியது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு. நூற்றுக்கு முப்பது இடம் பெண்களுக்கு. வயது 35-க்கு மேற்படலாகாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்ச ரூபாய்க்கு மேற்படலாகாது. முந்தைய தேர்வில் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் வேண்டும். உலக வரிசையில் முதல் 500-க்குள் உள்ள சர்வகலாசாலையில் இடம் கிடைத்திருக்கவேண்டும். 2024-25 விதிகளின்படி, கல்விக் கட்டணமும் விமானக் கட்டணமும் போக, வாழ்க்கைச் செலவுக்கு பிரிட்டனில் ஆண்டுக்கு 9,900 பவுண்டும், பிற நாடுகளில் 15,400 டாலரும் உண்டு. பழங்குடியினர்க்குத் தனியே 20 இடங்களைக் கொண்ட திட்டத்தைப் பழங்குடியினர் அமைச்சகம் நடத்துகின்றது.

நூற்றுநாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் 125 இடம் என்பது எம்மட்டு? அதுவும் போகட்டும். 2022-இல் இத்திட்டத்தின் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்திய சமூகம் ஆகியவை பற்றிய ஆராய்ச்சிக்கு உதவி இல்லை என்று அறிவித்தனர். தன் சமூகம் பட்ட துயரத்தின் வரலாற்றை உலகின் சிறந்த நூலகங்களில் அமர்ந்து ஆராய விரும்பும் ஓர் ஏழை மாணவனுக்கு இக்கதவு அடைக்கப்பட்டது. கொலம்பியாவில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஆராய்ந்து 1916-இல் கட்டுரை வாசித்த அம்பேத்கரே இவ்விதியின் கீழ் விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 2025 ஜூலையில், தேர்வு பெற்ற 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் ஆணை வழங்கி, எஞ்சிய 66 பேருக்குப் பணம் இருந்தால் பின்னர் வழங்கப்படும் என்று தெரிவிக்கப்பட்டது. சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லூரி திறக்கும் நாளை எண்ணி எண்ணி ஓர் இளைஞன் இப்படிக் காத்திருப்பது எத்தகைய வேதனை! கட்சி பேதமின்றி நம் பிரதிநிதிகளிடம் இதனை எடுத்துக் கூறுவது நம் கடமை. யார் ஆட்சியில் இருப்பினும், தேர்வு செய்யப்பட்ட பிள்ளைக்கு உரிய காலத்தில் பணம் போய்ச் சேரவேண்டும்.

இரண்டு ஊர்க்காரரின் இடர்ப்பாடு

இனி, நமக்கே உரிய ஒரு சங்கடத்துக்கு வருவோம். நாம் பிறந்த மாநிலம் ஒன்று. பிழைக்கும் மாநிலம் வேறொன்று. மாநிலச் சர்க்கார்களும் இத்தகைய உதவிகளை அளிக்கின்றன. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்கு அண்ணல் அம்பேத்கர் பெயரால் ஒரு திட்டம் உண்டு. மகாராஷ்டிரத்தில் ராஜரிஷி சாகு மகாராஜர் பெயரால் ஒரு திட்டம் உண்டு. "எங்கள் மாநிலத்தவரா நீங்கள்?" என்பதே இரண்டும் கேட்கும் முதற்கேள்வி. அங்கே சென்றால் "நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே" என்பர். இங்கே கேட்டால் "நீங்கள் இம்மண்ணின் வகுப்புப் பட்டியலைச் சேர்ந்தவரில்லையே" என்பர்.

இது அலுவலர் ஒருவரின் பிடிவாதத்தால் விளைந்ததன்று. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் வேறொரு மாநிலத்துக்குக் குடியேறினால் அங்கே அச்சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதனை மீண்டும் உறுதி செய்தது. ஆயினும் மத்திய சர்க்காரின் திட்டங்களில் இத்தடை இல்லை. தமிழ்நாட்டுப் பட்டியலின்படி உரிமையுள்ளவர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் விண்ணப்பிக்கலாம். தந்தையார்க்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சாதிச் சான்றிதழைக் காட்டினால், அவர் குடியேறிய மாநிலத்தின் அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்க மத்திய சர்க்காரின் விதியில் இடமுண்டு. ஆகவே தந்தையின் பெயரில் சான்றிதழ் இல்லாத குடும்பத்தினர், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாகத் தாலுகா அலுவலகத்துக்குச் செல்லவேண்டுகின்றோம். கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் போகும் நாம், இதற்கென ஒரு நாளை ஒதுக்கலாகாதா?

வேறொரு சிறு விஷயமும் உண்டு. அது சிறிதென்று தோன்றும். ஆனால் பெருந்தொல்லை தரும். அதுதான் நம் பெயரின் தலையெழுத்து. வடக்கே உள்ளவர்க்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்குத் தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்தாக இருப்பது கடவுச்சீட்டில் விரித்தெழுதப்படும். ஆதார் அட்டையில் வேறொரு வரிசையில் இருக்கும். மூன்றும் மூவேறு பெயராகத் தோன்றினால் அயல்நாட்டு அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பே. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்யும்போதே, தந்தையின் பெயரை முழுமையாக விரித்து, எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் அமையுமாறு பார்த்துக்கொள்வது நலம்.

செய்யவேண்டுவன

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. படிப்பு தொடங்கும் நாளுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்னரே இவ்விண்ணப்பங்கள் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் காலம் வேறு. விதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடும். ஆதலால் யாரோ சொன்னதை நம்பாமல், அவ்வவ்வாண்டு அறிவிப்பைத் தூதரகத்தின் வலைத்தளத்திலும் நம் கல்வி அமைச்சகத்தின் வலைத்தளத்திலும் தாமே படித்துப் பார்க்கவேண்டும். மதிப்பெண் பட்டியலின் உறுதிப்பிரதியைச் சர்வகலாசாலையிலிருந்து பெறுவதற்கே சில வாரங்கள் ஆகலாம். கடவுச்சீட்டையும் முன்கூட்டியே எடுத்துவைக்கவேண்டும்.

பரிந்துரைக் கடிதம் மிக முக்கியமானது. ராமானுஜனுக்கு வாக்கர் எழுதியதுபோல, பிள்ளையின் வேலையை நேரில் கண்ட ஆசிரியர் ஒருவர் எழுதும் பத்து வரி, பெரிய மனிதர் ஒருவர் எழுதும் பொதுவான புகழுரையினும் மேலானது. பிள்ளைகள் கல்லூரி நாட்களிலேயே ஆசிரியரிடம் நெருங்கிப் பழகி, ஐயம் கேட்டு, ஆய்வில் துணைநின்று, நற்பெயர் ஈட்டவேண்டும். விண்ணப்பக் கட்டுரையையும் சொந்தமாக எழுதவேண்டும். "நான் ஏன் படிக்கப் போகிறேன், படித்தபின் என்ன செய்வேன்" என்பதற்கு நேரான விடையையே தேர்வாளர் எதிர்பார்க்கின்றனர்.

எச்சரிக்கை ஒன்று. மேலே கூறிய புல்பிரைட், செவனிங், காமன்வெல்த், டாட், ஜப்பானிய சர்க்கார்த் திட்டங்கள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "பணம் கட்டினால் உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுவதே அறிவுடைமை.

மற்றொன்று: நிபந்தனைகளைக் குடும்பத்தில் எல்லோரும் கூடியமர்ந்து படிக்கவேண்டும். "திரும்பி வரவேண்டும்" என்ற விதி தாய்க்கு ஆறுதலாக இருக்கும். பிள்ளைக்குத் தளையாகத் தோன்றலாம். கையெழுத்திடும் முன்னரே அதனைப் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். பிறர் வரிப்பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஒப்பிய சொல்லை மீறுவது நம் பெயருக்கு இழுக்கு. அடுத்து வரும் பிள்ளைகளின் மீதுள்ள நம்பிக்கையையும் அது குலைக்கும். அவ்வாறே, கொடுக்கப்படும் தொகை ஓர் ஆளுக்கானது. அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவான் என்று எதிர்பார்க்கலாகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். அளந்து கொடுக்கப்பட்ட பணத்தில் அளந்தே வாழ இயலும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், விண்ணப்பம் வரை வந்து, "திருமணம் முடியட்டும்" என்ற சொல்லால் நின்றுவிடுகின்றாள். இந்த நாட்டுக்கு மகளைத் துணிந்து அழைத்து வந்த நாம், அடுத்த நாட்டுக்கு அனுப்ப ஏன் தயங்கவேண்டும்? ஒதுக்கப்பட்ட இடங்கள் அவளுக்காகக் காத்திருக்கின்றன.

இறுதியாக நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் நாடகமும் நடத்தும் சங்கம், ஆண்டுக்கொரு நாளை இதற்கென ஒதுக்கலாம். இவ்வுதவி பெற்று அயல்நாடு சென்று திரும்பிய நம்மவரை அழைத்து, பிள்ளைகளோடு பேசச் செய்யலாம். எந்தத் திட்டத்துக்கு எம்மாதம் விண்ணப்பம் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்கும், விசாச் செலவுக்கும் கையில் பணமில்லாமல் தகுதியுள்ள பிள்ளை நின்றுவிடாதபடி ஒரு சிறு கடன் நிதியைத் திரட்டலாம். போனவர் திரும்பி வந்து அதனைச் செலுத்த, அடுத்தவர் அதனைப் பெறலாம். பெரும்பணத்தைச் சர்க்கார்கள் கொடுக்க ஆயத்தமாயிருக்கின்றன. அங்கே போய்ச் சேருவதற்கு வேண்டிய சிறு பணத்தையும், வழிகாட்டும் சொல்லையும் கொடுக்கவேண்டியவர்கள் நாமே.

வரும் ஆண்டில் நம் குடும்பங்களுள் ஒன்றாவது, வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, பிள்ளையை விமான நிலையத்துக்கு வழியனுப்பவேண்டும் என்று விழைகின்றோம்.